கத்தி யார் கையில் இருந்தது? கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் மகனுக்காக ஒரு தாயின் கேள்வி

வாசகர் கடிதம்:

"என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின்படி 17 வயது 2 மாதம். ஆதாரில் ஒரு வருஷம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு, எங்கள் தெருவில் இருக்கும் இருபது வயது தாண்டிய இரண்டு பேருடன் பைக்கில் போனான். வழியில் ஒருவரை மறித்து செல்போனைப் பறித்ததாக மூன்று பேர் மீதும் வழக்கு. கத்தியைக் காட்டியது பெரியவன் என்று எப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது. பி.என்.எஸ். 309(4), 311 என்று பிரிவு போட்டிருக்கிறார்கள். வயது 18 என்று எழுதி, ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்திருந்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, மற்ற இருவருடன் சேர்த்தே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். நான் மதிப்பெண் சான்றிதழைக் காட்டி அழுத பிறகு, அவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பிவைத்தார். இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ஒன்பது நாளுக்கு முன்பு ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. 'சட்டம் மாறிவிட்டது, 16 முடிந்தால் பெரியவர்கள் மாதிரிதான் விசாரணை, ஜெயில்தான்' என்கிறார்கள். வயதைக் காட்ட டி.சி. வாங்கி வரச் சொல்கிறார் ஒரு காவலர். பள்ளியிலும் டி.சி.யை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். 30,000 ரூபாய் கொடுத்தால் செல்போன்காரரிடம் பேசி முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பையன் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவன். எல்லாம் போய்விட்டதா?"

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள அம்மா,

எல்லாம் போய்விடவில்லை. ஆனால் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் தள்ளுபடி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். ஒன்பது நாள் போய்விட்டது. அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு இதுவரை மனுப் போடவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலையாகக் குழுமத்தின் அலுவலகத்தில் போடுங்கள். மற்றதையெல்லாம் நகல் வருவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

"சட்டம் மாறிவிட்டது" என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியில்தான் உங்கள் மகனின் வழக்கு இருக்கிறது.

2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரையும், என்ன குற்றச்சாட்டாக இருந்தாலும், குழுமம் மட்டுமே விசாரிக்கும். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் அதை மாற்றியது. சம்பவ நாளில் 16 வயது நிரம்பியிருந்து, குற்றமும் "கொடிய குற்றம்" என்ற வகையில் வந்தால், பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று ஆராய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். 16 நிரம்பியது மட்டும் போதாது.

எது கொடிய குற்றம்? குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டம் விதித்திருக்கும் குற்றம். "பத்தாண்டு வரை தண்டிக்கலாம்" என்றிருந்தால் அது கொடிய குற்றம் அல்ல. "ஏழாண்டுக்குக் குறையாமல்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். உச்சத் தண்டனை ஏழாண்டைத் தாண்டி, குறைந்தபட்சம் எதுவும் சொல்லாத குற்றங்களை எங்கே சேர்ப்பது என்று 2015 சட்டம் சொல்லாமல் விட்டிருந்தது. கொள்ளை, கொலை முயற்சி எல்லாம் இந்த இடைவெளியில்தான் விழுந்தன. 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் "கடுமையான குற்றம்" என்ற நடுவகையில் வைக்கச் சொன்னது. அதையே 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எழுத்தில் கொண்டுவந்து, 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, கடைசியாக வந்த மாற்றம் பிள்ளைகளுக்குச் சாதகமானது. ஊரில் பேசப்படுவது 2016-இல் வந்த மாற்றத்தை மட்டும்தான்.

அடுத்து 2024 ஜூலை 1. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்தது, பிரிவு எண்கள் மாறின. பழைய 392 இப்போது 309(4). பழைய 397 இப்போது 311. குழந்தைகளைப் பொறுத்தவரை நடைமுறையைத் தீர்மானிப்பது இன்றும் இளைஞர் நீதிச் சட்டம்தான். எந்தப் பொதுச் சட்டத்தோடு முரண்பட்டாலும் இதுவே மேலோங்கி நிற்கும். இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதைச் செயல்படுத்தும் விதிகளை மாநில அரசு வகுக்கும். தமிழ்நாட்டுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. (குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1920-லேயே சென்னை மாகாணம் இயற்றிவிட்டது.)

இப்போது எப்.ஐ.ஆரை எடுத்துப் பிரிவுகளைப் பாருங்கள்.

309(4) என்பது கொள்ளை. பத்தாண்டு வரை தண்டனை. சூரியன் மறைந்தபின் விடிவதற்குள் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்காண்டு வரை. குறைந்தபட்சம் கிடையாது. எனவே கடுமையான குற்றம். இது மட்டும் இருந்தால் பெரியவராக விசாரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, குழுமமே விசாரிக்கும். குற்றம் நிரூபணமானாலும் மிகக் கடுமையான உத்தரவு, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குக் கீழே கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல படிகள் இருக்கின்றன.

கத்தியோ மிரட்டலோ இல்லாமல் வெறுமனே பறித்துக்கொண்டு ஓடியதாக இருந்தால் அது 304, அதாவது பறிப்பு. உச்சத் தண்டனையே மூன்றாண்டு என்பதால் "சிறு குற்றம்" என்ற வகைக்கு வந்துவிடும்.

311-தான் விவகாரம். கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால், கொடுங்காயம் ஏற்படுத்தினால், அல்லது கொல்லவோ கொடுங்காயம் ஏற்படுத்தவோ முயன்றால் தண்டனை ஏழாண்டுக்குக் குறையக் கூடாது என்கிறது அது. இந்த ஒரு வரியால் வழக்கு கொடிய குற்றம் ஆகிறது, பெரியவராக விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும் முதற்கட்ட மதிப்பீடு வருகிறது, உங்கள் மகன் பெரியவர்களைப் போல விசாரிக்கப்படும் வாய்ப்பும் வருகிறது. மூன்று பேர் சேர்ந்த வழக்கில் ஒருவர் கையில் கத்தி இருந்தால், மூவருக்கும் 311 போடுவது காவல் நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. சட்டப்படி அது தவறு. பழைய 397-ஐப் பற்றி 1975-இல் பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அந்தக் குறைந்தபட்சத் தண்டனை ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே, உடன் இருந்தவருக்கு அல்ல. பொது நோக்கத்துடன் சேர்ந்து செய்தார்கள் என்று சொல்லி 309(4)-இன் கீழ் மூவரையும் பொறுப்பாக்கலாம். 311-ஐ அப்படிப் பரப்ப முடியாது.

ஆகவே உங்கள் வழக்கறிஞர் முதற்கட்ட மதிப்பீடு தொடங்குவதற்கு முன்பே குழுமத்தில் ஒரு மனுப் போட வேண்டும். எப்.ஐ.ஆரின் வாசகப்படியே கத்தியைக் காட்டியவர் வேறொருவர், எனவே இந்தச் சிறுவனுக்கு 311 பொருந்தாது, குற்றச்சாட்டு கடுமையான குற்றம் என்ற வகைக்குள் வருகிறது, இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 15-இன் கீழ் மதிப்பீடு தேவையில்லை என்று அதில் எழுத வேண்டும். மதிப்பீடு முடிந்த பிறகு இதைக் கிளப்பினால், ஏற்கெனவே ஓர் உத்தரவு வந்துவிட்டிருக்கும். அதை உடைக்க மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மனுப் போடுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். எப்.ஐ.ஆர். ஒன்று சொல்லும், பறிமுதல் மகஜர் (கைப்பற்றிய பொருள்களைப் பற்றிக் காவல்துறை எழுதும் ஆவணம்) வேறொன்று சொல்லும். "மூவரிடமிருந்தும் தலா ஒரு கத்தி கைப்பற்றப்பட்டது" என்று மகஜரில் ஒரு வரி இருந்தால் நம் வாதம் பலவீனப்படும். ஏனென்றால் எதிரில் நிற்பவர் பயப்படும்படி ஆயுதத்தை வெளியே தெரிய வைத்திருப்பதையே "பயன்படுத்தியது" என்று அதே பூல் குமார் தீர்ப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொடிய குற்ற வழக்குகளில், 16 நிரம்பிய பிள்ளை முதன்முதலாகக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் சாட்சி வாக்குமூலங்களையும் விசாரணை ஆவணங்களையும் காவல்துறை தாக்கல் செய்ய வேண்டும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நகல் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒருவேளை 311 நிலைத்து, மதிப்பீடு நடந்தே தீரும் என்றால் அதற்கும் தயாராக வேண்டும். குழுமம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்: அந்தச் செயலைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. இது விசாரணை அல்ல, குற்றம் செய்தானா இல்லையா என்று இங்கே முடிவாவதில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் மூன்றாவது கேள்வியில் பையனிடம் "என்னப்பா நடந்தது?" என்று கேட்பார்கள். பயத்தில் அவன் மளமளவென்று சொல்வதெல்லாம் அறிக்கையில் ஏறிவிடும். அதனால் மனநல நிபுணரைப் பார்ப்பதற்கு முன்பு வழக்கறிஞர் அவனைத் தனியாகச் சந்தித்துப் பேசியே ஆக வேண்டும். மதிப்பீட்டில் பிள்ளை சொல்வதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு குறிப்பையும் குழுமத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குழுமத்தில் குழந்தை உளவியலில் பட்டம் பெற்ற உறுப்பினர் இல்லையென்றால், உளவியலாளரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பத்து நிமிடம் பேசிவிட்டு "நன்றாகப் பதில் சொல்கிறான், புரிதல் இருக்கிறது" என்று நான்கு வரி எழுதிய அறிக்கையை வைத்து முடிவெடுத்தால், அதுவே மேல்முறையீட்டுக்கு நல்ல காரணம். அறிக்கைகள் ரகசியமானவை என்று சொல்லித் தர மறுப்பார்கள். பிரிவு 99-இன்படி அவற்றின் சாரத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கவும், அதற்கு எதிரான ஆதாரம் கொடுக்க வாய்ப்பளிக்கவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பையனுக்குச் சிறுவயதில் வலிப்பு, தலைக்காயம், படிப்பில் தனிச் சிரமம், மனநல சிகிச்சை என்று ஏதாவது இருந்திருந்தால் பழைய சீட்டுகளையெல்லாம் தேடி எடுத்து வையுங்கள்.

மதிப்பீட்டை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் மூன்று மாதம் தாண்டியதாலேயே மதிப்பீடு செல்லாது என்று வாதிட முடியாது. அந்தக் கெடு கட்டாயமானது அல்ல என்று 2024 மே மாதம் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே கெடு முடியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டாலும், பெரியவராக விசாரிக்கத்தான் வேண்டுமா என்பதை அந்த நீதிமன்றம் தானும் ஒருமுறை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். அங்கே தண்டனை வந்தாலும் 21 வயது வரை சிறை இல்லை. "பாதுகாப்பான இடம்" என்ற தனி அமைப்பில்தான் வைப்பார்கள். மரண தண்டனையோ, விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ எந்தக் குற்றத்துக்கும் விதிக்க முடியாது.

இனி வயது. டி.சி. வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் டி.சி. வாங்கினால் இரண்டு இழப்பு: பையன் பள்ளியிலிருந்து தானாகவே வெளியேறியதாகிவிடும், வயதுக்கும் அது சரியான ஆதாரமாகாது. பிரிவு 94 ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது தேர்வு வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. இந்தப் பட்டியலில் டி.சி.யும் இல்லை, ஆதாரும் இல்லை. டி.சி.யும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் போதாது என்று 2023-இல் யுவபிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு. ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்றும் 2024-இல் சொல்லிவிட்டது.

உங்களிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. அசலையும் இரண்டு நகல்களையும் அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போங்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்க வையுங்கள், நகலைக் கோப்பில் சேருங்கள். வயதைக் குழுமம் உத்தரவாகவே பதிவு செய்ய வேண்டும் என்று மனுவில் கேளுங்கள், எப்.ஐ.ஆரில் இருக்கும் 18 அப்போதுதான் முறையாக அடிபடும். இடையில் அவசரப்பட்டு ஆதாரில் தேதியைத் திருத்தப் போகாதீர்கள். வழக்கு நடக்கும்போது திருத்திய ஆவணம் வீண் சந்தேகத்தைக் கிளப்பும். சம்பவ நாளில் இருந்த வயதுதான் கணக்கு என்பதால், விசாரணை நடக்கும்போது 18 நிரம்பினாலும் வழக்கு குழுமத்தில்தான் தொடரும்.

ஜாமீனுக்கு வருகிறேன். பெரியவர்கள் வழக்கில் குற்றம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அது அளவுகோலே அல்ல. ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ விடக்கூடாத குற்றமோ, பிணையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுவிக்க வேண்டும் என்பதே பிரிவு 12. மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், ஒழுக்கம், உடல், மனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆபத்து வரும், விடுவிப்பதால் நீதியின் நோக்கமே தோற்றுப்போகும். இவற்றில் எது பொருந்துகிறது, ஏன் என்று உத்தரவில் எழுத வேண்டும். அப்படி எழுதாமல் ஜாமீனை மறுக்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு சிறுவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வந்த தள்ளுபடி உத்தரவைப் படித்துப் பாருங்கள். "குற்றம் கடுமையானது, விசாரணை ஆரம்ப நிலையில் உள்ளது" என்று மட்டும் இருந்தால், மேல்முறையீட்டுக்கு அதுவே போதும்.

ஆனால் இங்கே நம் பக்கமும் ஒரு வேலை செய்ய வேண்டும். அந்த இரண்டு பேரும் உங்கள் தெருக்காரர்கள். அவர்கள் ஜாமீனில் வெளியே வந்தால் மறுபடி அதே கூட்டு என்று எந்தக் குழுமமும் யோசிக்கும். நியாயமான கவலைதான் அது. அதற்குப் பதிலாக "என் பிள்ளை நல்லவன்" என்று சொன்னால் போதாது. அவனைக் கொஞ்ச காலம் தாய்மாமன் வீட்டிலோ வேறு ஊரில் நெருங்கிய உறவினர் வீட்டிலோ வைக்க முடியுமா? முடியுமென்றால் அந்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரம், முகவரிச் சான்று, அங்கே பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கோ டியூஷனுக்கோ எப்படிப் போவான், யார் கூட்டிப்போய்க் கூட்டி வருவார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் மனுவோடு சேருங்கள். வாரம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைச் சந்திக்கச் சம்மதம் என்றும் எழுதுங்கள். இந்த இரண்டு பக்கம், குற்றம் நடக்கவே இல்லை என்று வாதிடும் இருபது பக்கத்தைவிட அதிகம் உதவும்.

நன்னடத்தை அலுவலர் தயாரிக்கும் சமூக விசாரணை அறிக்கையும் இதற்காகத்தான் முக்கியம். இரண்டு வாரத்துக்குள் வர வேண்டிய அறிக்கை. மூன்று வாரமாகியும் வரவில்லை என்றால் நீங்களே போய் அவரைப் பாருங்கள். வீட்டுக்கு வரும்போது குறைகளை மறைக்காதீர்கள். அப்பா குடிப்பது, பையன் பள்ளிக்கு மட்டம் போட்டது எல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும். அதற்கு இப்போது என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதை அவர் அறிக்கையில் எழுதும்படி சொல்லுங்கள்.

மேல்முறையீடு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் மாவட்டத்தில் எந்த நீதிமன்றம் அதுவாகச் செயல்படுகிறது என்று குழுமத்தின் அலுவலகத்திலேயே சொல்வார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் பிரிவு 102-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாமல் போனால், பிள்ளையைக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்பது சட்டம். இரண்டு பிணையாளர் கிடைக்கவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் எந்தப் பிள்ளையும் இல்லத்தில் இருக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் வைத்திருந்த அந்த இரவைப் பற்றி. குழந்தையை எந்தச் சூழலிலும் லாக்-அப்பில் வைக்கக் கூடாது, குழந்தை நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது பிரிவு 10. விலங்கு மாட்டக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்கின்றன விதிகள். 'ஆதாரைப் பார்த்து 18 என்று நம்பினோம்' என்று காவல்துறை சொல்லக்கூடும். அப்படியே இருந்தாலும், எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், உங்களுக்கு எப்போது தகவல் வந்தது, நீங்கள் மதிப்பெண் சான்றிதழை முதலில் யாரிடம் காட்டினீர்கள் என்று தேதி, நேரத்தோடு எழுதிக் குழுமத்தில் கொடுங்கள். அடித்திருந்தால் காயம் மறைவதற்குள் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளைக்கு எதிராக நடந்த குற்றத்துக்கு எப்.ஐ.ஆர். பதியச் சொல்லிக் காவல்துறைக்கு உத்தரவிடும் அதிகாரம் பிரிவு 8-இல் குழுமத்துக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட காகிதங்களை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். காவலரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அந்த வாக்குமூலத்தின் பேரில் ஏதாவது பொருளைக் கைப்பற்றியதாகக் காட்டியிருக்கிறார்களா என்பதை மட்டும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொள்ளை வழக்கு இரு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கு அல்ல. பணம் கொடுத்த பிறகும் வழக்கு அப்படியே இருக்கும், கொடுத்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேசப்படும். "ஒப்புக்கொண்டால் அன்றைக்கே கவுன்சலிங் சொல்லி அனுப்பிவிடுவார்கள்" என்றும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். 311 தொங்கிக்கொண்டிருக்கும் வழக்கில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆவணங்களைப் படித்து முடிக்கும் வரை பையன் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப்பில் படம் சுற்றுவது குற்றம். பெயர், முகவரி, பள்ளி, படம் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் போட்டார், எந்தக் குழு, எந்த நேரம் என்று தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, குழுமத்திலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். "பாருங்கள், எப்படிப் போட்டிருக்கிறார்கள்" என்று நீங்களே அதை உறவினர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: டி.சி. கேட்டு விண்ணப்பிக்கவில்லை, மாணவர் தொடர்ந்து படிக்க விரும்புகிறார் என்று. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். அப்போதும் நெருக்கினால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் முறையிடுங்கள். தேர்வு நேரத்தில் இல்லத்தில் இருக்க நேர்ந்தால், தேர்வெழுத அழைத்துப்போக உத்தரவு கேட்டு முன்கூட்டியே குழுமத்தில் மனுக் கொடுங்கள். புத்தகங்களை இப்போதே இல்லத்தில் ஒப்படைக்கலாம்.

போலீஸ் வேலை ஆசையைப் பற்றி. குழுமம் குற்றம் செய்ததாகவே முடிவெடுத்தாலும், அதனால் வரும் எந்தத் தகுதியிழப்பும் பிள்ளையைப் பாதிக்காது என்கிறது பிரிவு 24. மேல்முறையீட்டுக் காலமும் விதிகள் சொல்லும் காலமும் முடிந்தபின் பதிவேடுகளை அழிக்க வேண்டும். முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. மத்திய ஆயுதக் காவல் படை வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு எதிராக அவரது சிறுவயது வழக்கை எடுத்து வைக்க முடியாது என்று 2019-இல் ரமேஷ் பிஷ்ணோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு: கொடிய குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராக விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 311-ஐ நீக்குவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வழக்கு முடிந்ததும் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள், அதில் பதிவேடுகளை அழிக்கும் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதற்குத் தனியாக மனுப் போடுங்கள். பின்னாளில் வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால், நிரப்புவதற்கு முன்பு அந்த நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு எழுதட்டும்.

இத்தனைக்கும் கட்டணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், குழந்தைக்கு இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது எப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் தள்ளுபடி உத்தரவு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பையனைக் குழுமத்தின் முன் முதன்முதலாக நிறுத்திய தேதி, அடுத்த அமர்வு தேதி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து எடுத்துப்போங்கள். எப்.ஐ.ஆரில் "கத்தியைக் காட்டி" என்று வரும் வரியைப் பென்சிலால் கோடிட்டு, அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.